டாய்லின் கைக்குப் போய்ச் சேர்ந்த கதை

லோர்னா பிலார்ஸ்கி ஒஹையோவை விட்டு ஹாலிவுட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பர்பாங்குக்கு வந்தது தொலைக்காட்சித் தொடர் எழுதத்தான். கிடைத்ததோ, எழுத்தாளர்கள் கூடிப் பேசுவதைத் தட்டச்சு செய்யும் வேலை. அந்த அறையில் அவளுக்கு வாய் கிடையாது. நல்ல வசனம் தோன்றினாலும் விழுங்கிக்கொள்ள வேண்டும். காலியாகிற அடுத்த நாற்காலி தனக்குத்தான் என்று நம்பி நம்பியே நாற்பதைத் தாண்டிவிட்டாள்.

நாற்காலி காலியானது. வந்து உட்கார்ந்தவள் பெட்ரா, கல்லூரி முடித்த கையோடு. தொடரின் தலைமை எழுத்தாளர் டாய்லும் பெட்ராவின் அப்பாவும் படிக்கிற காலத்தில் ஒரே அறையில் தங்கியவர்கள்.

லோர்னாவுக்கு வயிறு எரிந்தது. பெட்ரா வாயைத் திறந்தாலே பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாயிலிருந்து வருவதையும் இவள்தானே தட்டச்சு செய்து தொலைக்க வேண்டும்?

"உனக்கும் அப்படி ஒரு அப்பா வாய்ச்சிருக்கணும்டி," என்றாள் வரவேற்பில் இருக்கும் மேவிஸ்.

"எங்கப்பாகூட ரூம்ல தங்கினவன் இப்ப ஜெயில்ல இருக்கான்."

"சரி, அவ எழுதினதைப் படிச்சுப் பாரு. சிரிக்கவாவது ஆகும்."

சிரிக்கத்தான் எடுத்தாள். நன்றாக இருந்தது. ஓரிடத்தில் தன்னை மறந்து சிரித்தும்விட்டாள். மோசமாக இருந்திருந்தால் ஆசை தீரத் திட்டியிருக்கலாம். அந்த ஆறுதலும் போயிற்று.

லோர்னாவும் ஒரு கதை எழுதி வைத்திருந்தாள். ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் டாய்ல், "அனுப்பி வை" என்றார். அனுப்பினாள். படித்தீர்களா என்று கேட்பது இந்தத் தொழிலில் நச்சரிப்பு. நச்சரிப்பவர்களை யாரும் பக்கத்தில் வைத்துக்கொள்வதில்லை. அதனால் வருடக்கணக்கில் கேட்கவேயில்லை. பாழாய்ப்போன மரியாதை.

ஒரு வெள்ளிக்கிழமை பெட்ராவே அவள் மேசைக்கு வந்தாள்.

"லோர்னா, நீங்களும் எழுதுவீங்களாமே, மேவிஸ் சொன்னாங்க. டாய்ல் படிச்சாரா?"

"அவருக்கு எங்க நேரம்."

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றாரு. குடுங்க, அப்பா கையால அவர்கிட்ட குடுக்கச் சொல்றேன். என்னோடதும் அப்படித்தான் அவர்கிட்ட போச்சு."

கள்ளமில்லாமல் சொன்னாள். அதுதான் லோர்னாவுக்குத் தாங்கவில்லை. வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கதையை எடுத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை டாய்ல் தாள்களோடு வந்து நின்றார்.

"ஒரே மூச்சுல படிச்சேன். அடுத்த எபிசோட் நீ எழுது. இத்தனை வருஷமா என் பக்கத்துலயே இருக்கியே லோர்னா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கலாம்தான்," என்றாள் லோர்னா.

எழுத்தாளர்கள் அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெட்ரா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். லோர்னா எழுந்து போய் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். வந்த நாளிலிருந்து அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடிக்காது. ஆனால் அந்த நிமிடத்தில் வெறுத்த அளவுக்கு ஒருநாளும் வெறுத்ததில்லை.