கிணற்று மோட்டாரை நிறுத்திய எஞ்சின்

என் அண்ணன் கையில் மண்வெட்டி இறங்கியதற்கு நீங்கள்தான் காரணம். அந்த மென்பொருள் திட்டத்தை நடத்துகிற உங்களைத்தான் சொல்கிறேன். மண்வெட்டியைப் பிடித்தவன் என் சித்தப்பா மகன். அவன் மேல் வழக்கு இருக்கிறது. உங்கள் மேல் எதுவும் இல்லை.

நான் கடத்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். டிப்ளமோ படித்தவன். எங்கள் காட்டில் எங்களுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. ஸ்டார்ட்டர் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்குத் தண்ணீர். விடிந்ததும் சாவியைக் கொண்டுபோய் அடுத்த வீட்டு வாசலில் சேர்க்க வேண்டும். கையில் கொடுக்க மாட்டார்கள், மண்ணில் போடுவார்கள். மற்றவன் குனிந்து எடுக்க வேண்டும். அப்படிக் குனிந்தபோது ஒருமுறை என் அப்பா சித்தப்பாவை எட்டி உதைத்தார். சித்தப்பா கல்லை எடுத்து அப்பாவின் முன்பல்லை உடைத்தார். பின்னாளில் இரண்டு பேரும் செத்துப் போனார்கள். சாவியை மண்ணில் போடுவது மட்டும் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் உங்கள் திட்டம் என் கண்ணில் பட்டது. பாசன மோட்டாரை முறை வைத்துத் தானாக ஓட்டும் மென்பொருள். ஓப்பன் சோர்ஸ். நிரல் முழுக்கத் திறந்து கிடக்கிறது, யாரும் படிக்கலாம், மாற்றலாம், இதை யாராலும் பிடுங்க முடியாது என்று உங்கள் இணையதளத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தீர்கள். நம்பினேன். திரையில் வரும் வரிகளை எல்லாம் தமிழில் போட்டு உங்களுக்கே அனுப்பினேன். வாங்கிக்கொண்டு, உதவியவர்கள் பட்டியலில் என் பெயரையும் சேர்த்தீர்கள்.

ஆனால் அந்த நிரல் தன் காலில் நிற்காது. அதை ஓட்ட ஒரு எஞ்சின் வேண்டும். ரன்டைம் என்பார்கள். அது ஒரு கம்பெனியுடையது. அதற்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. கரண்ட் வந்து, மென்பொருள் இருக்கிற பெட்டி விழிக்கும்போதெல்லாம் அந்த எஞ்சின் கம்பெனியிடம் போய் ஓடலாமா என்று கேட்கும். அவன் சரி என்றால்தான் உங்கள் திறந்த நிரல் ஓடும். நாளைக்கு அவன் மறுத்தால் என்ன செய்வது என்று உங்கள் பக்கத்தில் கேட்டேன். எஞ்சினும் இலவசம்தான், வீண் கவலை என்று உங்களில் ஒருவர் பதில் போட்டுக் கேள்வியை மூடினார். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

பெட்டி வைக்க இரண்டு வீடும் ஒத்துக்கொண்டன. ஒரே நிபந்தனை, கையால் போடும் சுவிட்ச் இருக்கக் கூடாது. வேறு ஊர்க்காரன் யாரும் இப்படிக் கேட்க மாட்டான். எங்கள் பங்காளிகள் கேட்டார்கள்.

"சுவிட்சு இருந்தா நீ திருட்டுத்தனமா வந்து போடுவ, இல்ல நான் வந்து போடுவேன். அறுத்து எறி. மெசினு சொல்றதுதான் முறை" என்றான் சித்தப்பா மகன். அண்ணனும் தலையாட்டினார். பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி வைத்தேன்.

அந்தச் சாகுபடிப் பட்டம் முழுக்க யாரும் யாரையும் அடிக்கவில்லை. சித்தப்பா மகன் என் கடைக்கு வந்து டீ குடித்தான். உன் பெட்டி இரண்டு வீட்டுக்கும் ஆகாத மருமகள் மாதிரி, ஒருத்தனுக்கும் ஒரு நிமிசம் கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறது என்று சிரித்தான். அவன் தக்காளி வைத்திருந்தான். காய் பிடித்திருந்தது. வெயில் கொளுத்தியது.

எங்கள் முறை ஒழுங்காக ஓடி முடிந்தது. மறுநாள் அவன் முறை. காலையில் மும்முனைக் கரண்ட் வந்தது. பெட்டி விழிக்கவில்லை. திரையில் சிவப்பாக ஒரே ஒரு வரி, இங்கிலீஷில். நான் செம்புக் கம்பி வாங்க அரூர் போயிருந்தேன். சித்தப்பா மகன் போன் செய்தான். வருகிறேன் என்று பஸ் ஏறினேன். அதற்குள் அண்ணன் கிணற்று மேட்டுக்குப் போய்விட்டார். அங்கே நடந்ததை அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"எல்லாத்தையும் தமிழ்ல போட்டானே உன் தம்பி, இத மட்டும் ஏன் இங்கிலீசுல வெச்சிருக்கான்?"

"எனக்கு என்னடா தெரியும். அவன் வரட்டும்."

"அவன் வர்றதுக்குள்ள என் முறை முடிஞ்சிரும். அதுக்குத்தான அரூருக்குப் போனான்."

"மெசினு சொல்றதுதான் முறைன்னு நீதான்டா சொன்ன" என்று அண்ணன் சிரித்தார். அவர் சிரித்திருக்கக் கூடாது.

மண்வெட்டி தலைக்குத்தான் வந்தது. கையைத் தூக்கினார். முழங்கைக்குக் கீழே எலும்பு வரை இறங்கியது. அண்ணி கல்லை எறிந்து அவன் காதைக் கிழித்தார். அவன் அம்மா, என் சின்னம்மா, அண்ணியின் கூந்தலைப் பிடித்து வாய்க்காலில் இழுத்துப் போட்டு மிதித்தார். நான் வந்தபோது காய்ந்த வாய்க்காலில் ரத்தம்தான் ஈரம். அண்ணன் தன் கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தர்மபுரி ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்தார்கள். அந்தக் கை விரல்கள் இன்றுவரை மடங்கவில்லை.

அந்தச் சிவப்பு வரியை நான் தமிழில் போடாததற்குக் காரணம், அது உங்கள் நிரலில் இல்லை. கம்பெனியின் எஞ்சினுக்குள் இருந்து வந்தது. இந்தப் பதிப்புக்கு இனி அனுமதி கிடையாது என்பதுதான் அதன் பொருள். சித்தப்பா மகன் ஒரு நாள் பொறுத்திருந்தால் எங்கள் முறைக்கும் ஓடாததைப் பார்த்திருப்பான். மறுநாளும் அது ஓடவில்லை. நான் ஆத்திரத்தில் ஸ்பேனரால் பெட்டியை அடித்து நொறுக்கினேன். பழைய ஸ்டார்ட்டரை மாட்டினேன். தண்ணீர் எங்கள் காட்டுக்குப் பாய்ந்தது. அன்று எங்கள் முறை. வரப்பில் நின்று பார்த்த சின்னம்மா, "எங்க முறைக்கு ஓடல, உங்க முறைக்கு ஓடுது. இதுக்கு மேல என்னடா சாட்சி வேணும்?" என்றார். இருந்த ஒரே சாட்சியை நானே உடைத்திருந்தேன்.

பிறகு உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என்னைப் போலப் பலர் கத்தியிருந்தார்கள். கம்பெனி பழைய பதிப்பை நிறுத்திவிட்டதாம். புதியது, அவனோடு ஒப்பந்தம் போட்டவனுக்கு மட்டும்தானாம். வருந்துகிறோம், இது எங்கள் கையில் இல்லை என்று ஒற்றை வரி எழுதி, அந்த விவாதத்தையும் மூடிவிட்டீர்கள்.

சித்தப்பா மகன் ஜாமீனில் வந்ததும் கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவனை நிறுத்தி இதைப் போனில் காட்டினேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான்.

"கீழ உன் பேரு இருக்குது. இதையும் நீயேதான எழுதி வெச்ச?"

யாரும் எழுதலாம் என்பதுதானே உங்கள் பெருமை. அதுவே எனக்கு எதிராக நின்றது. இல்லை என்று எவ்வளவோ சொன்னேன்.

"அப்படின்னா அவங்களே சொல்லட்டும், ஊரே பாக்கச் சொல்லட்டும்" என்றான். சத்தம் போடவில்லை. "அது வரைக்கும் உனக்கும் உங்க அண்ணனுக்கும் சேத்து இன்னும் மூணு கை இருக்குது. பாத்து நடமாடு."

அவன் சொன்னால் செய்வான். அதனால் கேட்கிறேன். எனக்குத் தனியாக மெயில் போடாதீர்கள். வருத்தமும் வேண்டாம். எங்கள் பெட்டியை நிறுத்தியது யார்? அந்நியன் அனுமதி இல்லாமல் ஓடாத ஒன்றை, யாராலும் பிடுங்க முடியாது என்று ஏன் எழுதினீர்கள்? உங்கள் முதல் பக்கத்தில், உங்கள் பெயர்களைப் போட்டு, எல்லோரும் பார்க்கப் பதில் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். என் சித்தப்பா மகன் அதைப் படிக்க வேண்டும்.