ஏழாம் நம்பர் கால்

காலணிக் கடையில் அவருக்கு அளவுக்காரர் என்று பெயர். வருகிறவர் வாசலைத் தாண்டுவதற்குள் "அம்மாவுக்கு ஆறு, சாருக்கு எட்டு" என்று குரல் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்து தொலைத்தது. மண்டைக்கனத்துக்குக் கேட்க வேண்டுமா? மாடியில் திறக்கப்போகும் புதுப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு என்று முதலாளி வேறு சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தரையில் கால் பாவவில்லை.

ஊரார் கால்களை எல்லாம் கரைத்துக் குடித்தவர், தன் கால் ஏழாம் நம்பர் என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டார். காரணம் இதுதான்: கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்கும் ஜோடி எப்போதும் ஏழு. நிறம் மங்கியதும் அதை ஊழியர்களுக்குச் சும்மா கொடுப்பார்கள். சும்மா வருகிற ஷூ சின்னதாக இருக்குமா என்ன? விரல்களை நெருக்கி, மூச்சைப் பிடித்து உள்ளே தள்ளி, அதிலேயே நாள் முழுக்க நின்றார். கடையில் ஊழியர்கள் உட்காரக் கூடாது. வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டும்போது மட்டும் குட்டி ஸ்டூலில் உட்காரலாம். அதற்காகவே ஓடி ஓடிப் பிறர் காலைப் பிடித்தார்.

குதிகாலிலும் சுண்டுவிரல் ஓரத்திலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பின. மனைவி பார்த்ததும் சொல்லிவிட்டாள்.

"ஷூ கடிச்சிருக்கு. கொஞ்ச நாளைக்கு அத தொடாதீங்க."

"எனக்கே ஷூவ பத்தி பாடம் எடுக்கிறியா? இது உடம்புச் சூடு. உன் சமையல்ல காரம் ஜாஸ்தி."

காரம் குதிகால் வழியாக வெளியேறும் என்ற அரிய கண்டுபிடிப்பை அவள் மறுக்கவில்லை. மறுநாளிலிருந்து உப்புச் சப்பில்லாமல் ஆக்கிப் போட்டாள். கொப்புளம் அசையவில்லை, அவர்தான் இளைத்தார்.

கடைசியில் சேலைக்குக் குத்தும் ஊக்கை எடுத்து எல்லாவற்றையும் குத்தினார். தோலையும் உரித்தெறிந்தார். அதற்கு மேல் வேர்வையில் நனைந்த அதே நைலான் சாக்ஸ், அதே ஷூ. புண் சிவந்து சீழ் வைத்த பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனார்.

"மேல்தோல் இருந்திருந்தா அதுவே ஆறியிருக்கும். அத ஏன் பிச்சீங்க?" என்று கடிந்துகொண்டார் டாக்டரம்மா. "உரசலும் ஈரமும்தான் காரணம். தினமும் சோப்பு போட்டு கழுவி, மருந்து தடவி, கட்டு போடுங்க. சாக்ஸ் பருத்தியில வாங்குங்க, நனைஞ்சா மாத்துங்க. ஷூ என்ன சைஸ்?"

"ஏழு."

"உங்க கால் ஒன்பது இருக்கும் போலிருக்கே!"

தன் வித்தையை இன்னொருவர் தன் மேலேயே காட்டுவதா? "நீங்க மருந்த மட்டும் எழுதுங்க டாக்டர்" என்றார்.

மறுநாள் கட்டும் ரப்பர் செருப்புமாகக் கடைக்குப் போனார். ஷூ பார்க்க வந்த ஒரு பெண்மணி காலை நீட்டியபடியே கேட்டாள்.

"என்னங்க கட்டு? இந்தக் கடை ஷூ கடிச்சதா?"

கல்லாவில் இருந்த முதலாளி தலையைத் தூக்கினார். 'சைஸ் மாத்திப் போட்டுட்டேன்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அளவுக்காரர் வாயில் அது வருமா?

"சேச்சே, ஷூ இல்லீங்க. இது தோல் வியாதி."

அந்தப் பெண்மணி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். ஷூவோடு அவர் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அவருக்கு உண்மையிலேயே வலித்தது அப்போதுதான்.

அன்று மாலையே முதலாளி அவரைப் பின்கட்டு கோடவுனுக்கு மாற்றினார். மாடிப் பிரிவின் பொறுப்பு, கடையில் பில் போடும் பெண்ணுக்குப் போனது. கோடவுனில் பார்க்க ஆளில்லாததால் அவர் ஷூ போடவில்லை. காற்றுப் பட்ட கால் தானாக ஆறியது. ஓடிப்போய் முதலாளியிடம் காட்டினார்.

"தழும்புகூட இல்ல முதலாளி. கடைக்குள்ள வந்துடட்டுமா?"

"தோல் வியாதி திரும்பி வராதுன்னு என்னய்யா நிச்சயம்?" என்ற முதலாளி, அவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இளகினார். "ஏன்யா, அது நிஜமாவே வியாதிதானா? வேற ஏதாவதுன்னா இப்பவே சொல்லிடு. மாடிய உனக்கே தர்றேன்."

அளவுக்காரர் தன் கால்களை ஒரு முறை குனிந்து பார்த்தார்.

"வியாதிதான் முதலாளி" என்று சொல்லிவிட்டு கோடவுனுக்குத் திரும்பினார்.