பெட்ரோமாக்ஸுங்க

கம்பைநல்லூரில் நான் வேலை பார்த்த வாடகைக் கடையில், பெட்ரோமாக்ஸ் என்று பேர் போட்ட விளக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் கண்ணாடி உடைந்து பரணில் கிடந்தது. வாடகைக்குப் போய் வந்தவை எல்லாம் வேறு வேறு கம்பெனிகள். அடிப்பக்கத்துப் பித்தளையில் என்னென்னவோ பேர் குத்தியிருக்கும். யாரும் அதைக் குனிந்து படித்ததில்லை. மேண்டில் கட்டி, பம்ப் அடித்து, உஸ்ஸென்று எரிகிற எதுவும் பெட்ரோமாக்ஸ்தான். வனஸ்பதி எந்த டப்பாவில் வந்தாலும் டால்டா என்று சொன்ன காலம் அது.

ஒன்று என்றாலும் பெட்ரோமாக்ஸ், பத்து என்றாலும் பெட்ரோமாக்ஸ். நான் ஆறாவதோடு நின்றவன். இங்கிலீஷில் ஒன்றுக்கு மேல் போனால் கடைசியில் எஸ் சேர்க்க வேண்டும் என்பது எனக்குள் தங்கிய சில பாடங்களில் ஒன்று. இந்தப் பேரில் அந்தச் சத்தம் ஏற்கெனவே இருந்ததால், மேற்கொண்டு சேர்க்க ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். முதலாளிக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்லை. ஒன்று போனால் அவருக்கு அது பெட்ரோமாக்ஸு. நிறையப் போனால் பெட்ரோமாக்ஸுங்க. ஆடுங்க, மாடுங்க என்பது மாதிரி.

விளக்கைத் தலையில் தூக்கிப் போகிற எங்களுக்கும் அதே பேர்தான். மாப்பிள்ளை ஊர்வலத்தில் இரண்டு பக்கமும் வரிசையாக நடப்போம். தலையில் சும்மாடு, அதன் மேல் விளக்கு, ஒரு கை மேலே பிடித்தபடி. வெளிச்சம் எங்கள் தலைக்கு மேலே இருக்கும். எங்கள் முகம் இருட்டில் இருக்கும். கல்யாண வீட்டில் யாரும் எங்களை ஆள் ஆளாகப் பார்த்ததில்லை. "பெட்ரோமாக்ஸுங்க முன்னால போங்க", "பெட்ரோமாக்ஸுங்களக் கடைசிப் பந்தியில வெச்சுக்கலாம்" என்பார்கள். எங்களில் யாருக்கும் அதில் வருத்தம் இருந்ததாக ஞாபகம் இல்லை. கூப்பிட ஒரு பேர் வேண்டும், அது கையோடு இருந்தது.

அந்தக் கடையில் நான் ஒன்றரை வருஷம் இருந்தேன். எனக்கு அது அதிகம். அதற்கு முன் செங்கல் சூளை, அதற்கும் முன் ஒரு லாரியில் கிளீனர். எந்த ஊரிலும் கால் தரிக்காது. தூக்கு ஆட்களில் எனக்குப் பேச்சுத்துணையாக இருந்தவர் ஏரியூர்ப் பக்கத்து ஆள். பஞ்சம் பிழைக்க மனைவியோடு வந்து, ஊரை ஒட்டிய புறம்போக்கில் குடிசை போட்டிருந்தார். வேதக்காரர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை தொங்கும். எல்லாரும் அவரை ஏரியூர்க்காரர் என்றே சொன்னோம்.

அந்தத் தை மாதம், ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு வாத்தியார் வீட்டுக் கல்யாணம். வாத்தியாரும், சேலத்தில் காலேஜ் படிக்கும் அவருடைய மகனும் கடைக்கு வந்தார்கள்.

"பத்து பெட்ரோமாக்ஸ் வேணுமுங்க" என்றார் வாத்தியார்.

"பெட்ரோமாக்ஸஸ்னு சொல்லணும்ப்பா" என்றான் மகன்.

முதலாளி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எஸ்ஸு எத்தன வேணும்னாலும் போட்டுக்கங்க தம்பி. அதே லைட்டுத்தான் வரும்" என்றார். வாத்தியாரே சிரித்துவிட்டார்.

கல்யாணத்தன்று சாயங்காலம் ஏரியூர்க்காரர் கடைக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. சும்மாட்டுத் துணியைத் தலையில் சுற்றாமல் உடம்பில் போர்த்தியிருந்தார்.

"என்னங்கண்ணா, காய்ச்சலா?" என்றேன்.

"லேசாத்தான். வாயத் தொறக்காத."

வராமல் போனால் அந்த விளக்கு இன்னொரு ஆளின் தலைக்குப் போகும். போனால் அடுத்த முகூர்த்தத்துக்கும் அந்த ஆள்தான் வருவான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அதற்காகவே நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். இதெல்லாம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

ஊர்வலத்தில் எனக்கு எதிர் வரிசையில் நடந்தார். சாதாரணமாக விளக்கு ஏறிய கொஞ்ச நேரத்தில் உச்சந்தலை காந்தும். அதைப் பற்றிப் புலம்புவதுதான் எங்கள் பேச்சு. அன்றைக்கு அவர், "இன்னிக்கி சூடே தெரியல. இதமா இருக்குது" என்றார்.

"அப்ப எந்துதையும் சேத்து வெச்சுக்கங்க" என்றேன். சிரித்தார்.

கடைசிப் பந்தியில் அவர் இலையில் சோறு அப்படியே இருந்தது. ரசத்தை மட்டும் குடித்தார். வெளுக்க ஆரம்பித்ததும் விளக்குகளை அணைத்துத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை வழியாகத் திரும்பினோம். நான் முன்னால் போய்விட்டேன். அவர் கடைசியில் வந்தார். அவருக்கும் பின்னால், காலி மண்ணெண்ணெய் டின்னோடு, ஊர்வலத்தில் விளக்குகளுக்குப் பம்ப் அடிக்கிறவர் வந்தார்.

கடை வாசலில் முதலாளி பல் குச்சியோடு நின்றார். திண்டின் மேல் விளக்குகளை வைத்தோம். விரலை நீட்டி எண்ணினார். எந்தக் காலையிலும் அப்படித்தான். கண்ணாடி உடையாமல் விளக்கு திரும்பிவிட்டால் எல்லாம் திரும்பியாயிற்று.

"பெட்ரோமாக்ஸுங்க பூராவும் வந்தாச்சா?"

"வந்தாச்சுங்க."

பத்தும் இருந்தது. நான் உள்ளே போய்ச் சாக்கு விரித்துப் படுத்தேன்.

மத்தியானம் விளக்குகளைச் சாம்பல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தோம். ஏரியூர்க்காரரின் மனைவி வந்து வாசலில் நின்றார்.

"எங்கூட்டுக்காரரு இன்னும் வரலீங்க."

முதலாளி நிமிராமல், "எல்லாம் காலையிலயே வந்துட்டாங்களேம்மா. பாரு, பத்து பெட்ரோமாக்ஸும் இங்கதான இருக்குது" என்றார்.

அந்த அம்மா வரிசையாக இருந்த விளக்குகளைப் பார்த்தார். "நான் லைட்டக் கேக்கலீங்க. அவரக் கேக்கறேன்."

பம்ப் அடிக்கிறவர், விளக்கில் அடைப்புக் குத்துகிற பின்னைக் கீழே வைத்தார். "ஏரிக்கரையில லைட்ட ஒரு கல்லு மேல வெச்சுட்டு அந்தாண்ட எறங்குனாரு. ஒதுங்கப் போறாரு, வந்துருவாருன்னு நெனச்சேன். லைட்ட நான் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனோம். கரைக்கு அந்தப் பக்கம், வேலமரத்தடியில் படுத்திருந்தார். சும்மாட்டைத் தலைக்கு வைத்திருந்தார். வெயில் நேராக முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. உயிர் இருந்தது, பேச்சு இல்லை. வண்டி கட்டி ரோட்டுக்குக் கொண்டுவந்து, பஸ்ஸில் படுக்க வைத்துத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் போய்விட்டார். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவர்களில் நானும் ஒருவன். மண் கெட்டியாக இருந்தது. முதலாளி மாலையோடு வந்தார். கெட்டவர் இல்லை அவர். திரும்பும்போது பம்ப் அடிக்கிறவரிடம், "நீ அந்த லைட்ட அங்கயே வுட்டுட்டு வந்திருந்தீன்னா, ஒண்ணு கொறையுதேன்னு அப்பவே தேடிப் போயிருப்போம்" என்றார்.

"லைட்ட எப்படிங்க வுட்டுட்டு வர்றது?" என்றார் அவர்.

முதலாளி யோசித்தார். "அதுவுஞ் செரிதான்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. சாப்பிட்டேன்.

பங்குனி பிறப்பதற்கு முன்பே அந்த அம்மா கடைக்கு வந்து, அவர் தூக்கிய விளக்கைத் தானே தூக்குவதாகச் சொன்னார். முதலாளி ஒத்துக்கொண்டார். வேறு சில ஊர்களில் பெண்கள் தூக்கி நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கடையில் அவர்தான் முதல். சும்மாடு சுற்ற யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர்க்குடம் தூக்கிய தலை.

அவருடைய முதல் கல்யாணம் மொரப்பூர் ரோட்டில் ஒரு பெரிய வீட்டில். ஊர்வலம் முடியும்வரை விளக்கு ஆடாமல் நடந்தார். அதன்பின் பந்தலுக்கு வெளியே, மற்ற எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தோம். கடைசியில் பரிமாறுகிறவர் வாளியோடு எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"பெட்ரோமாக்ஸுங்களுக்கு எல போட்டாச்சு. வரச் சொல்லுங்கப்பா."

நாங்கள் எழுந்தோம். அந்த அம்மா எழவில்லை. அந்த வீட்டுத் திண்டின் மேல் வரிசையாக இருந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்கக்கா" என்றேன். "நம்மளத்தான் கூப்புடறாங்க."

"நம்மளயா தம்பி?"

"ஆமாங்கக்கா."

எழுந்து சேலையை உதறினார். உள்ளே போவதற்கு முன் பந்தல் வாசலோரம் நின்று, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. கடைசி ஆளாகப் பம்ப் அடிக்கிறவர் கை கழுவி வரும்வரை நின்றார். அவரும் உள்ளே போன பிறகுதான் அந்த அம்மா போய் உட்கார்ந்தார்.

நான் அந்தக் கடையை விட்டுப் போகும்வரை எல்லாக் கல்யாணத்திலும் அவர் அப்படித்தான் நின்றார். திரும்பி வரும்போதும் எல்லாருக்கும் பின்னால், பம்ப் அடிக்கிறவருக்கும் பின்னால்தான் நடப்பார். காலையில் முதலாளி வாசலில் நின்று வழக்கம்போல விளக்குகளை எண்ணுவார்.