கயிற்றில் ஏறி வந்த குல்லா

வங்காளிப் பேட்டையான டாக்குரியாவில் மூன்றாம் மாடிக்காரர்கள் காய்கறி வாங்க, கயிற்றில் கட்டிய ஒரு பையும் நல்ல தொண்டையும் இருந்தால் போதும். பை இருந்தது. தொண்டைதான் போய்விட்டது. என் உடம்பே என் குருத்தெலும்பைத் தாக்குகிறது என்றார் டாக்டர். அபூர்வமான நோயாம். முதலில் காது மடல்கள் சிவந்து வீங்கின. தலையணை பட்டாலே உயிர் போனது. பிறகு மூச்சுக்குழாய் சுருங்கிக் குரலும் அடங்கியது. தமிழ் பேச எனக்கிருப்பது சென்னைத் தங்கை மட்டும். "ஒண்ணுமே கேக்கலக்கா, அப்புறம் கூப்பிடறேன்" என்று அவளும் போனை வைத்துவிடுவாள்.

அன்று நான் கூப்பிட்டது கேட்காமல் காய்காரர் போய்விட்டார். எரிச்சலில் பையை அப்படியே தொங்கவிட்டேன். சாயங்காலம் இழுத்தால், உள்ளே ஒரு கம்பளி மங்கி குல்லா!

கீழே முதல் மாடிப் பெரியம்மா, இந்த ஊர்ப் பேச்சில் மாசிமா, அண்ணாந்து நின்றிருந்தார். "டாண்டா லேகே கேச்சே!" என்றார். எனக்குக் குளிர் தாக்கிவிட்டதாம். இந்த ஊரில் கால் முறிந்தாலும் காரணம் குளிர்தான், வைத்தியம் மங்கி குல்லாதான். தொட்டாலே துடிக்கிற காதுக்கு, காதை இறுக்கும் குல்லா! திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

மாசிமா நகரவில்லை. நான் போட்டுக்கொள்வதைப் பார்க்கக் காத்திருந்தார். போட்டுக்கொண்டேன். கண்ணில் நீர் முட்டியது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

காது எரிந்தது. ஆனாலும் அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று என்னைப் பார்த்திருக்கலாம்.