தேர் வீதியில் மின்சாரம் பிடித்த என் மகள்

பிள்ளையார் தேர் முடிந்து, பிரெஞ்சு நாட்டு லா சப்பலில் எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்கள். என் மகள் ஆரணி திரும்பவில்லை என்றே எனக்குப் பட்டது. உடம்பு என் பக்கத்தில் இருந்தது. வாயில் ஒரு சொல் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை.

அடியார்களே, நடந்ததை அப்படியே எழுதுகிறேன். தேரன்று நாம் வெறுங்காலோடு நடப்போம். கால் சுடாதிருக்க வீதியில் தண்ணீர் ஊற்றுவார்கள். உடைத்த தேங்காய்த் தண்ணீரும் ஓடும். அந்த ஈரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தல் நின்றது. சோடனை விளக்குக்குக் கடைக்குள்ளிருந்து வயர் இழுத்திருந்தார்கள். அது எங்கோ உரிந்து பந்தலின் இரும்புக் காலில் பட்டிருக்கிறது. மோர் வாங்கப் போன ஆரணி அந்தக் காலைப் பிடித்தாள். பிடித்த கை விடவில்லை.

பாய்ந்த என்னை ஒருவர் சேலையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"தொடாதேங்கோ தங்கச்சி! உங்களையும் பிடிச்சிடும். டேய், உள்ளுக்கை மெயினை நிப்பாட்டுங்கோடா!"

பெற்ற பிள்ளையைத் தொடக்கூடாது என்று நின்றேன். "பிள்ளையாரே" என்பதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை. விளக்குகள் அணைந்தன. ஆரணி விழுந்தாள்.

உயிர் தப்பியது. இதயத்தில் பழுதில்லை என்றார்கள். உள்ளங்கைக் காயமும் ஆறியது. பேச்சு மட்டும் வரவில்லை. அதிர்ச்சி, காலம் எடுக்கும் என்றார் மருத்துவர். எவ்வளவு காலம் என்று அவர் சொல்லவில்லை.

தினமும் கும்பிட்டேன். பதில் இல்லை. உயிரைத் தந்தவரிடம் இன்னும் கேட்பது பேராசையோ என்றும் யோசித்தேன். சும்மா இருக்கவும் முடியவில்லை. நாங்கள் இருக்கும் மார்க்ஸ் டோர்மோய்த் தெருக்களில் அவளை நடத்திக்கொண்டு போய், தெருவிளக்குக் கம்பத்தின் சின்னக் கதவு, மின்னல் படம் போட்ட மஞ்சள் முக்கோணம், தொங்கும் வயர் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஈரக்கையோடு கிட்டப் போகாதே. யாரையாவது கரண்ட் பிடித்தால் தொடாமல் கத்திக் கூப்பிடு என்பேன். அவள் நிலத்தையே பார்த்தபடி வருவாள்.

"பிள்ளை ஏற்கெனவே பயந்துபோய்க் கிடக்குது. நீர் என்ன, மின்சார சபையோ நடத்திறீர்?" என்றார் கணவர்.

அவர் சொல்வதுதான் சரியோ? பயத்தின் மேல் பயத்தை ஏற்றுகிறேனோ? தெரியவில்லை. ஒரு நாள் விட்டேன். மறுநாள் திரும்பத் தொடங்கினேன்.

ஒரு மழை நாள், மருத்துவரிடம் போகும் வழி. என் சப்பாத்து வார் கழன்றது. குனிந்து கட்டுவதற்காக, பார்க்காமலே ஒரு கம்பத்தில் கை ஊன்றப் போனேன்.

"மமோ! தூஷ் பா!"

அம்மா, தொடாதே என்று பிரெஞ்சில். ஆரணியின் குரல். கம்பத்தின் சின்னக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே வயர்கள் தெரிந்தன. வீட்டில் பிரெஞ்சு வேண்டாம், தமிழில் கதை என்று எத்தனை முறை அவளை ஏசியிருப்பேன். அன்று அந்த மழையில் நின்று அழுதேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். இன்றும் சில சொற்கள்தான் பேசுகிறாள். மேளச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். ஆனாலும் அந்த ஒரு குரலுக்காகப் பிள்ளையாருக்கு நன்றி சொல்லாமல் நான் படுப்பதில்லை.

உங்கள் பிள்ளைகளையும் வீதிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அவர்கள் கேட்கிற மாதிரியே தெரியாது. அப்போதும் சொல்லுங்கள். பிள்ளையாரிடமும் அப்படியே விடாமல் கேளுங்கள்.