கேஸ் அக்கா கொடுத்த முதல் கொடை

மார்ச் மாதம் இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. கோடை பிறக்க இன்னும் நாள் இருந்தது. ஆயினும் காலை எட்டு மணிக்கே மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியைத் தொட முடியவில்லை. காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. கொடியில் கிடந்த துணி ஒன்றுகூட அசையவில்லை.

கேஸ் அக்கா கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். மறுகணமே நிமிர்த்திப் பார்த்தாள். நர்சம்மா நேற்று முழுவதும் எடுக்கவில்லை. இன்று காலையிலும் மணி அடித்து அடித்து ஓய்ந்ததுதான் மிச்சம்.

“அவங்க கொஞ்சம் மூச்சு விடட்டும்,” என்றார் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். “நீ பண்ற போனுக்குப் பதில் சொல்லவே தனியா ஒரு ஆளைப் போடணும்.”

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெயிலோ நாளுக்கு நாள் ஏறுகிறது. சந்தைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரை வீடுகளில் பாதிக்குமேல் இன்னும் கூரையில் வெள்ளைப் பூச்சு ஏறவில்லை. நர்சம்மா எங்கே போனாள்? கொடுத்த பணம் எங்கே போயிற்று?

கேஸ் அக்கா என்பது அவளுக்கு ஊர் வைத்த பெயர். குளிர்பெட்டியும் ஏசியும் பழுதுபார்க்கும் கடை அவர்களுடையது. கல்லாவில் அமர்ந்து வாடிக்கையாளரைப் பேச்சால் குளிரவைப்பது கணவரின் வேலை. பெட்டியைக் குளிரவைப்பது அவள் வேலை. தொடக்கத்தில், குளிர்பெட்டிக்கு அடைக்கும் கேஸ் சிலிண்டரும் கையுமாக வாசலில் வந்து நிற்பவளைப் பார்த்து, “ஆள் யாரும் வரலையாம்மா?” என்று கேட்டவர்கள் உண்டு. பின்னாளில் அதே மக்கள், அக்கா வந்தால்தான் கதவைத் திறப்போம் என்று அடம் பிடித்தார்கள்.

பெட்டி எதுவாயினும் அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. வேலை முடிந்ததும் கதவைச் சாத்துவாள். இனி மாலைவரை யாரும் தொடக்கூடாது என்பாள். குளிர்ந்துவிட்டதா என்று நொடிக்கொருமுறை திறந்து பார்க்கும் வீட்டுக்காரர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஒருமுறை ஒரு வக்கீலையே சமையலறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டாள்.

வெயில் மாறிவருவதை அவள் செய்தியில் படித்து அறிந்தவள் அல்லள். கடை தொலைபேசி சொல்லிக் கொடுத்தது. கோடையில் முதல் அழைப்பு வரும் காலம் ஆண்டுக்காண்டு முன்னால் நகர்ந்துகொண்டே வந்தது. இன்னொன்றும் அவள் மனத்தை அரித்தது. ஒரு வீட்டைக் குளிரவைக்க வேண்டுமானால் அவ்வீட்டுச் சூட்டைத் தூக்கி வெளியே எறிந்தாக வேண்டும். எறிந்த சூடு ஏசி வாங்க முடியாதவன் சன்னலில்தான் போய் விழும். சந்தைக்குப் பின்னால், பழைய பெட்டி ஒன்றைப் பார்க்கப் போனபோது, பிள்ளையின் மார்பில் ஈரத்துணியைப் போட்டு விசிறிக்கொண்டிருந்த ஒரு தாயைக் கண்டாள். பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை. அந்த அறையின் அனலில் எந்தப் பெட்டிதான் குளிரும்?

அவள் முழங்கால் ஒத்துழைக்க மறுத்தபின் கடைக் கட்டடத்தை விற்றார்கள். பாதியை மகனுக்கு வீடு வாங்கக் கொடுத்தார்கள். மறுபாதியை இந்த வெயிலுக்கு ஏதாவது செய்யத்தான் கொடுக்கப்போகிறேன் என்று அக்கா சொன்னபோது வீட்டில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. துணிக்கடை வைத்திருக்கும் தம்பிதான் முதலில் வாய் திறந்தான். “சூரியனுக்கே லஞ்சம் குடுக்கப் போறியாக்கா?”

மகன் நடுவில் புகுந்து ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தான். முதலில் ஒரு பங்கைக் கொடுத்துப் பார்ப்பது. இந்தக் கோடைக்குள் அதற்குப் பலன் கிடைத்தால் எஞ்சியதையும் அவள் விருப்பம்போல் கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் எஞ்சியது மாமாவின் துணிக்கடையில் முதலீடாகப் போய்விடும். அக்கா ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட நாள் முதல் அவளுக்கு நிம்மதி போயிற்று.

கடைக் கணக்கைப் பார்த்துவந்த ஆடிட்டரிடம் யோசனை கேட்டாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். உலகம் முழுவதையும் குளிரவைக்கப் புறப்படாதீர்கள், ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். அங்கே ஏற்கெனவே வேலை செய்கிறவர்களைத் தேடுங்கள், அவர்களுக்கு என்ன குறை என்று அவர்களையே கேளுங்கள் என்றார். கடைசியாக, எழுந்து வாசல்வரை வந்து, “குடுத்தப்புறம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. அதுதான் கஷ்டம்,” என்றார். முதல் இரண்டையும் அக்கா மனத்தில் முடிந்துகொண்டாள். மூன்றாவதை ஒரு காதில் வாங்கி மறுகாதில் விட்டாள்.

தேடத் தொடங்கியபின்தான் தெரிந்தது, பணத்தைச் சேர்ப்பதைவிடக் கொடுப்பது பெரும்பாடு என்று. ஒருவர் மரக்கன்று நடுகிறேன் என்று வந்து, கன்றைப் பற்றிப் பேசாமல், அக்காவின் பெயர் பொறிக்கும் பலகையின் அளவைப் பற்றியே பேசினார். இன்னொருவர் பெரிய விடுதியில் மாநாடு கூட்டப்போவதாகச் சொன்னார். மாநாட்டுக் கூடத்துக்கு எத்தனை ஏசி என்று அக்கா கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

பிறகுதான் நர்சம்மா கிடைத்தாள். தகர வீடுகளின் நடுவே இருக்கும் சிறு மருத்துவமனையில் அவள் செவிலி. அங்குள்ள பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சைக் கூரைகளுக்குப் பூசிக்கொண்டிருந்தாள். கையிலிருந்து போட்டு ஓரிரு கூரைகளை முடித்ததோடு பணம் தீர்ந்திருந்தது. உச்சி வெயிலில், பூச்சு இல்லாத வீட்டில் அக்காவைச் சற்று நேரம் நிற்கவைத்தாள். பிறகு பூசிய வீட்டுக்குள் அழைத்துப்போனாள். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எவ்வளவு வேணும்?” என்றாள்.

பணம் கை மாறிய மறுநாள் தம்பி வந்தான். “பாத்துக்கோக்கா. உன் காசுல பெயின்ட் கடைக்காரன் மாடி வீடு கட்டிடப் போறான்,” என்று சிரித்துவிட்டுப் போனான். அவன் போட்ட பொறி அணையவே இல்லை. அக்கா நர்சம்மாவுக்குப் போன் செய்தாள். பூச்சு வாங்கியாயிற்றா? எங்கே வாங்கினீர்கள்? டப்பாவைப் படம் எடுத்து அனுப்புங்கள். மறுநாள் காலையும் மாலையும் படம் கேட்டாள். பிறகு ஒவ்வொரு வீட்டின் உள்வெப்பத்தையும் அளந்து சொல்லச் சொன்னாள். அதுவும் போதாமல் தானே போய் நின்று, முழங்கால் வலியையும் பாராமல் ஏணியில் ஏறி, காயாத பூச்சில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தாள். அந்த விரல் பதிந்த இடங்களையெல்லாம் பெண்கள் மீண்டும் பூச வேண்டியதாயிற்று. அவள் அதைக் கவனிக்கவில்லை.

இப்போது போன் எடுப்பாரில்லை.

அதற்குமேல் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஆட்டோவைப் பிடித்துச் சந்தைக்குப் பின்னால் போய் இறங்கினாள். வழக்கமாக ஏணி சாத்தியிருக்கும் சுவர் வெறுமையாக இருந்தது. ஏணி தரையில் படுத்துக் கிடந்தது. பூச்சு டப்பாக்கள் இறுக மூடப்பட்டு ஒரு மூலையில் அடுக்கப்பட்டிருந்தன. வெள்ளையும் துருவுமாகக் கூரைகள் பாதியில் நின்றன. தம்பியின் சிரிப்புக் காதில் கேட்டது.

மருத்துவமனைக்குள் நுழைந்தபோது, நர்சம்மா குளிர்பெட்டியின்முன் மண்டியிட்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் எழுந்தாள். முகத்தில் குற்ற உணர்ச்சி ஏதும் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

“நானே சாயங்காலம் வரணும்னு இருந்தேன்கா. மீதிப் பணம் அப்படியே பேங்க்ல இருக்கு. எடுத்துக்குங்க.”

“ஏன்? என்ன ஆச்சு?”

“முதல்ல இந்தப் பெட்டியப் பாருங்களேன். சர்க்கரை நோயாளிங்க மருந்தெல்லாம் உள்ள இருக்கு. நேத்துலேருந்து குளிரவே இல்ல.”

அக்கா முந்தானையை இடுப்பில் செருகினாள். மருந்துகளைப் பனிக்கட்டி போட்ட பெட்டிக்கு மாற்றச் சொன்னாள். குளிர்பெட்டியோ சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது. இழுத்துப் பார்த்தால், பின்புறக் கம்பி வலை தெரியாதபடி தூசு கம்பளிபோல் போர்த்தியிருந்தது. சூடு வெளியேற வழியே இல்லை. தூரிகையால் பொறுமையாகத் துடைத்தெடுத்தாள். பெட்டிக்குப் பின்னால் கை நுழையும் அளவு இடைவெளி விட்டாள். கதவைச் சாத்தி மின்சாரத்தைப் போட்டாள். பெட்டி உறுமத் தொடங்கியது.

நர்சம்மா சிறிது நேரம் பொறுத்தாள். பிறகு அவள் கை மெல்லக் கதவுப் பிடிக்குப் போயிற்று. உள்ளே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் குளிரலையேக்கா,” என்றாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் திறந்தாள். மூன்றாம் முறை கை நீண்டபோது அக்கா அதைத் தட்டிவிட்டாள்.

“கையை எடுங்க. இப்படித் தொறந்து தொறந்து பாத்தா அது எப்ப குளிர்றது?”

நர்சம்மா கையை எடுத்துக்கொண்டாள். அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. ரெண்டு வாரமா நான் உங்ககிட்ட சொல்ல முடியாம முழுங்கினது இதத்தான்.”

நர்சம்மா எல்லாவற்றையும் சொன்னாள். பூச்சைக் காலையிலேயே பூசியாக வேண்டும். வெயில் ஏறினால் தகரத்தில் கால் வைக்க முடியாது. அந்தக் காலைப் பொழுதெல்லாம் படம் எடுப்பதிலும் வெப்பம் அளப்பதிலும் போயிற்று. அக்கா ஏணியில் ஏறும்போதெல்லாம் பெண்களுக்குத் தாங்கள் திருடிகளோ என்ற ஐயம் வந்துவிட்டது. இருவர் வேலையிலிருந்து நின்றுவிட்டார்கள். எஞ்சியவர்கள், அந்த அம்மாவின் பணமே வேண்டாம், பழையபடி கையிலிருந்து போட்டுக்கொள்வோம் என்கிறார்கள்.

“அப்படின்னா இந்தக் கோடைக்குள்ள முடியாதே,” என்றாள் அக்கா.

“முடியாதுதான்.”

அக்கா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பெட்டிமீது பதிந்திருந்த கண்ணை எடுக்கவில்லை. தன் வாழ்நாளெல்லாம் ஊராரை எதற்காக அதட்டினாளோ அதையே தானும் செய்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கத்தைவிட அச்சமே பெரிதாக இருந்தது. பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும்? உண்மையிலேயே ஏமாந்துவிட்டால்? பெட்டி என்றால் அவளுக்கு உட்புறம் தெரியும். குழாய் எங்கே வளைகிறது, கேஸ் எங்கே ஓடுகிறது என்று கண்ணை மூடிச் சொல்வாள். மனிதர்கள் அப்படியா?

“அவங்கள வரச் சொல்லுங்க,” என்றாள் கடைசியில். “நான் இனிமே கூப்பிட மாட்டேன். படம் வேண்டாம். கணக்கும் வேண்டாம். வேலை முடிஞ்சா நீங்களே சொல்லுங்க.”

“நீங்க இருப்பீங்களா அப்படி?” நர்சம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

“இருந்துதான் பாக்கணும்.”

மாலையானதும், அக்காவே எழுந்து பெட்டிக் கதவை ஒருமுறை திறந்தாள். குளிர் முகத்தில் அடித்தது. மருந்துகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அந்தப் பெண்களைப் பார்க்காமலேயே வீடு திரும்பினாள்.

அதன்பின் வந்த நாள்கள் அவளைப் பாடாய்ப் படுத்தின. கைப்பேசியைக் கணவரிடம் ஒப்படைத்தாள். அவர் குளிக்கப் போகும்போது எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் வைத்தாள். காய்கறி வாங்கச் சந்தைக்குப் போனால், பின்பக்கத் தெரு கண்ணில் படாதவாறு முன்வாசலோடு திரும்பினாள். காற்றில் பூச்சு வாடை வருவதுபோல் இருக்கும். நின்று முகர்ந்தால் எதிர்வீட்டுக் கதவுக்கு யாரோ வண்ணம் அடித்துக்கொண்டிருப்பார்கள். “உன்னை இப்படி அடக்கி வைக்க எனக்கு இத்தனை வருஷமா வழி தெரியாமப் போச்சே,” என்றார் கணவர். இம்முறை அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது.

வெயில் இன்னும் ஏறியது. அழைப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டு மின்விசிறியின் நேர்கீழே நாற்காலியை இழுத்துப் போட்டான். துணிக்கடையின் பக்கத்து அறை காலியாகிறதாம். எஞ்சிய பணத்தைப் பற்றி முடிவு சொன்னால் நல்லது என்று பேச்சைத் தொடங்கினான். மகனும் அருகில் இருந்தான். தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

“பலன் பாத்துட்டு முடிவு பண்றதாத்தானே பேச்சு? கோடை இப்பத்தானே தொடங்குது,” என்றாள் அக்கா.

“சரி. அப்ப நேராவே கேக்கறேன்கா. அங்க வேலை நடக்குதா இல்லையா?”

மேசைமேல் கைப்பேசி கவிழ்ந்தே கிடந்தது.

“தெரியாதுடா.”