அண்ணி மார்க் சமையல் மிஷின்

வேலை முடிந்து பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, காய் வாங்கிக்கொண்டு வீட்டுப் படியேறுவதற்குள் உடம்பில் இருக்கிற தெம்பெல்லாம் தீர்ந்துவிடும். அதற்கப்புறம்தான் சமையல். இந்தக் களைப்பு என் போனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது போல. சில நாட்களாக ஒரே விளம்பரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளை வெளேரென்று ஒரு பெட்டி. அரிசி, காய், மசாலா எல்லாவற்றையும் அதன் தலையில் கொட்டிவிட்டு ஒருத்தி சோபாவில் சாய்ந்துகொள்கிறாள். பெட்டி சமைத்து முடித்து மணி அடிக்கிறது. வருங்காலம் வந்துவிட்டது என்று கீழே எழுத்து ஓடுகிறது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, ஆசையும் வரவில்லை. அந்த வருங்காலம் நான் நாலாவது படிக்கும்போதே கீழப்பழுவூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போய்விட்டது.

கொண்டு வந்தவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. டிப்ளமோ படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மிஷின் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. யாரோ ஒரு முதலாளிக்கு ஆயுசு பூரா உழைப்பதைவிடச் சொந்தமாக எதையாவது கண்டுபிடித்து விற்கப் போவதாகச் சொன்னார். எதைக் கண்டுபிடிப்பது என்பதை அம்மாவைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்.

அம்மா அப்போது பருத்தி எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். விடியுமுன் எழுந்து மாட்டைக் கவனித்து, எங்களுக்கு ஆக்கி வைத்துவிட்டுக் காட்டுக்குப் போவாள். பருத்திக் காயின் முனை கீறின விரல்களோடு பொழுது சாய வந்து மறுபடி அடுப்புக்கு முன்னால் உட்காருவாள். அப்பா சிமெண்டு லாரி ஓட்டிவிட்டுத் தலையெல்லாம் சாம்பல் நிறத்தில் வந்து உட்காரும்போது தட்டில் சோறு இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துச் சித்தப்பாவுக்குத் தாங்கவில்லை. அம்மாவிடம் அவருக்கு இருந்தது உண்மையான பாசம். அதில் இன்றுவரை எனக்குச் சந்தேகமில்லை.

"அண்ணி, உங்கள அடுப்பங்கரைய விட்டு எந்திரிக்க வைக்காம நான் ஓய மாட்டேன்" என்றார்.

"எந்திரிச்சிட்டா உங்கண்ணனுக்கு யாரு தம்பி சோறாக்குறது?" என்று வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா கேட்டாள்.

"மிஷினு ஆக்கும்."

அப்பா ஒரு கெடு விதித்தார். மாசியில் பெரம்பலூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சி போடுவார்கள். அதற்குள் மிஷினைச் செய்து அங்கே ஒன்றாவது விற்றுக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டும். சித்தப்பா சரி என்று தலையாட்டினார்.

நம் பெண்கள் கண்ணளவில் ஆக்குகிறார்கள், அதனால்தான் தினமும் மீந்து வீணாகிறது என்பது சித்தப்பாவின் கட்சி. ஆளுக்கு எவ்வளவு வேண்டும் என்று மிஷினுக்குத் தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி என்றார். சின்ன வெங்காய வியாபாரி ஒருவரிடம் தராசை இரவல் வாங்கி வந்து, நாங்கள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் தட்டை எடை போட்டார். அப்பாவின் தட்டு, அண்ணனின் தட்டு, என் தட்டு, அவருடைய தட்டு. வீடு ரேஷன் கடை மாதிரி ஆகிவிட்டது. பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவிடமும் ஒருநாள் கேட்டார்.

"எனக்கென்ன தம்பி அளவு? இருக்கறதப் போட்டுச் சாப்பிட்டுக்குவேன்" என்றாள் அம்மா.

சித்தப்பா தலையாட்டிவிட்டுத் தராசைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டார்.

மிஷின் உருவானது. பழைய பீரோவின் தகரம், யாரோ தூக்கிப் போட்ட கிரைண்டரின் மோட்டார், உள்ளே எங்கள் வீட்டு கேஸ் அடுப்பின் பர்னர். மிஷினை வைக்க இடம் போதாமல் மண் அடுப்பையும் இடித்துவிட்டார்கள். மேலே அரிசிக்கும் பருப்புக்கும் புளித்தண்ணிக்கும் தனித்தனித் தொட்டிகள். முன்பக்கம் வரிசையாக நாலு பொத்தான்கள். வேண்டிய ஆளுக்கான பொத்தானை அமுக்கினால் அந்த ஆளுக்குரிய அரிசி கடகடவென்று உள்ளே இறங்கும். தானாகக் கழுவி, வேகவைத்து, கஞ்சி வடித்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தள்ளும். பொய் சொல்லக் கூடாது, ருசியாகவே இருந்தது. தகரத்தின் மேல் சிவப்புப் பெயிண்டில் 'அண்ணி மார்க்' என்று எழுதினார்கள். நிஜ அண்ணி ஓய்வெடுக்க, தகர அண்ணி வேலை பார்க்கும் என்று அப்பா கேலி பேசினார்.

பொத்தானை அமுக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. அம்மா அதைத் தொடவே கூடாது என்பது சித்தப்பாவின் சட்டம். தொட்டால் ஓய்வு எங்கே இருக்கிறது? ஆனால் தொட்டிகளை நிரப்புவதும், காய் நறுக்கிப் போடுவதும், சாப்பிட்டு முடிந்ததும் குழாய் குழாயாகக் கழற்றிக் கழுவுவதும் அம்மாதான். அதெல்லாம் சமையலில் சேராது என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

மிஷின் சொன்ன சொல் தவறவில்லை. சோறு கணக்காக விழுந்தது, கணக்காகத் தீர்ந்தது. அம்மா கரண்டியால் பாத்திரத்தின் அடியைச் சுரண்டிப் பார்ப்பாள். "என்ன அண்ணி, குத்தம் கண்டுபிடிக்கப் பாக்குறீங்களா?" என்று சித்தப்பா சீண்டுவார். அம்மா சிரித்துவிட்டுக் கரண்டியை வைத்துவிடுவாள். நான் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து, "போதுமாடி? மிச்சம் வைக்கிறியா?" என்று கேட்பாள். வழித்து நக்கின தட்டைப் பெருமையாகத் தூக்கிக் காட்டுவேன்.

ஒருநாள் மட்டும் அம்மா வாயைத் திறந்தாள். "தம்பி, யாராச்சும் வந்தா என்ன பண்றது? ஒரு கை கூடப் போடச் சொல்லலாமே."

"வந்தா அப்ப அமுக்கிக்கலாம் அண்ணி. வராதவங்களுக்கு ஏன் ஆக்கணும்?"

அம்மா அப்புறம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் காலையில் பழைய சோறு இல்லாமல் போயிற்று. முந்தின நாள் சோறு மீந்தால்தானே பழையது? அம்மா காலையில் கடையில் வாங்கின ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போனாள். அவள் எடுத்துப் போகும் தூக்குச்சட்டி ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கூட வேலை செய்கிற பெண்கள் தங்கள் சோற்றில் பங்கு கொடுத்திருப்பார்கள், கொடுக்காமலும் இருந்திருப்பார்கள். நான் கேட்டதில்லை.

கண்காட்சி நாள் வந்தது. குட்டியானை வண்டியில் மிஷினை ஏற்றிக்கொண்டு, சிமெண்டு லாரிகளுக்கு நடுவே அரியலூரைத் தாண்டிப் பெரம்பலூர் போனோம். மண்டபத்தில் ஒரு பக்கம் ஹாட் பாக்ஸ் கடை, மறுபக்கம் காய் நறுக்கும் கத்தி விற்பவர். நடுவில் நாங்கள். அம்மா கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டதால் இரண்டு பக்கமும் ஊக்கு குத்தியிருந்தாள்.

சித்தப்பா அன்றைக்குப் பேசின பேச்சை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. நான் பொத்தானை அமுக்க, அரிசி இறங்க, கூட்டம் கூடிவிட்டது. ஆண்கள் சோற்றை வாங்கித் தின்று பார்த்துவிட்டு விலை கேட்டார்கள். ஒருவர் தன் மனைவியைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தார். விற்றுவிடும் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் சித்தப்பா அம்மாவைக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"இவங்கதாங்க எங்க அண்ணி. இந்த மிஷினு வந்ததுலேருந்து அடுப்புல கைய வைக்கல. எப்படி இருக்காங்கன்னு நீங்களே பாருங்க."

பெண்கள் பார்த்தார்கள். மிஷினைப் பார்த்ததைவிட அதிக நேரம் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கழுத்தெலும்பு தெரியாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். முன்னால் இழுத்து வரப்பட்ட பெண் கேட்டாள்.

"சோறு மீதி விழாதா தம்பி?"

"ஒரு பருக்கை விழாதுங்க. அவ்வளவு கணக்கு!"

"அப்ப ஆக்கிப் போடுறவ என்னத்தத் திம்பா?"

"அதாங்க, யாருமே ஆக்க வேணாமே!"

ஆண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "வாங்க போலாம்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு நடந்தாள். அவர் விலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்னால் போனார். அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. எல்லோரும் பக்கத்துக் கடையில் ஹாட் பாக்ஸ் வாங்கினார்கள். கண்காட்சி முடியும்வரை சித்தப்பா கத்திக்கொண்டே இருந்தார். ஒன்றுகூட விற்கவில்லை.

பொழுது சாய வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். சித்தப்பா மிஷினுக்குள்ளிருந்து பர்னரைக் கழற்றி, பழைய கேஸ் அடுப்பில் மாட்டிக் கொடுத்தார். அம்மா உலை வைத்தாள். கண்ணளவில் அரிசியை அள்ளிப் போட்டாள். நாங்கள் பேருக்குச் சாப்பிட்டோம். சித்தப்பா சாப்பிடவே இல்லை. அப்பாகூடக் கேலி பேசவில்லை. சாவு விழுந்த வீடு போல இருந்தது.

தண்ணீர் குடிக்க அடுப்பங்கரைக்குப் போனேன். அம்மா கீழே உட்கார்ந்து, சோற்றுச் சட்டியை மடியில் வைத்து, அதிலேயே ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் வந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராகச் சித்தப்பாவிடம் போனேன்.

"மிஷினு விக்கலன்னு நாமெல்லாம் அழுவுறோம் சித்தப்பா. அம்மா மட்டும் குஷியா சட்டியோட சாப்பிடுறாங்க."

சித்தப்பா எழுந்து வந்து அடுப்பங்கரை வாசலில் நின்றார். அவரைப் பார்த்ததும் அம்மா சட்டியை முந்தானையால் மூடினாள்.

"இல்ல தம்பி... மீந்துடுமேன்னுதான்" என்றாள்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

காலையில் ட்ரில் சத்தத்தில்தான் விழித்தேன். எழுந்து வெளியே வருவதற்குள் சித்தப்பா பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மிஷினின் முன்பக்கம், நாலு பொத்தானுக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு ஓட்டை இருந்தது. அதற்குப் பொத்தானும் இல்லை, உள்ளே ஒயரும் இல்லை. பழைய சோறு நிறைந்த தூக்குச்சட்டியோடு காட்டுக்குக் கிளம்பின அம்மா, அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். ஓட்டையைச் சுற்றியிருந்த தகரப் பிசிறை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

நான் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். விற்காத கோபத்தில் சித்தப்பா மிஷினைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டார் என்று, அண்ணனை எழுப்பிச் சொன்னேன்.